காற்றைப் பிழிந்தால் தண்ணீர்

காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும் என்று சொன்னால் நம்புவீர்களா?

சந்தேகமாக இருந்தால் ஒரு காரியம் செய்யுங்கள். ஆனி, ஆடி மாதத்தில் பாவூர்சத்திரம் பக்கம் வந்து, ஏதாவது ஒரு பஞ்சர் கடை வாசலில் காலை எட்டு மணிக்கு நில்லுங்கள். கடையைத் திறந்ததும் அண்ணாச்சி முதலில் சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டுவார். அடுத்து, கம்ப்ரஸர் டாங்கிக்கு அடியில் குனிந்து ஒரு சின்னக் குழாயைத் திருகுவார். 'புஸ்ஸ்ஸ்...' என்று காற்று வரும். கூடவே, காப்பி கலரில் ஒரு டம்ளர் தண்ணீரும் வரும்.

"டாங்கிக்குள்ள யாரு அண்ணாச்சி தண்ணி ஊத்தினது?" என்று கேட்டுப் பாருங்கள்.

"யாரு ஊத்துவா? எல்லாம் குத்தாலத்துச் சாரல் கொண்டாந்து விடுததுதான்" என்பார்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அது சுத்தமான விஞ்ஞானம். தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் கொட்டியது போக மிச்சத்தைச் சுமந்துகொண்டு ஆரியங்காவுக் கணவாய் வழியாக இந்தப் பக்கம் நுழைகிறது. மலையடிவாரத்தில் குற்றாலத்துக்கு அருவி கிடைக்கிறது. கிழக்கே தள்ளியிருக்கும் கீழப்பாவூருக்கு, அதாவது பதினாறு கை நரசிம்மர் குடியிருக்கும் எங்கள் ஊருக்கு, காற்றும் பூந்தூறலும் கிடைக்கின்றன. ஊரே சிலுசிலுவென்று இருக்கும். உப்பு ஜாடி கசியும், தீப்பெட்டி நமத்துப் போகும், கதவு நிலையில் சிக்கிக்கொள்ளும். எங்கள் அம்மா அந்தக் காலத்தில் உப்போடு நாலு அரிசியைப் போட்டு வைப்பார். அரிசி ஈரத்தைத் தான் வாங்கிக்கொண்டு உப்பைக் காப்பாற்றும். அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கொஞ்சம் கணக்கு. பயப்படாதீர்கள், சின்னக் கணக்குதான். 25 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 23 கிராம் நீராவியைத் தாங்கும். சாரல் நாளின் காலையில் ஈரப்பதம் 90 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், கிட்டத்தட்ட 20 கிராம். பத்துக்குப் பத்து அறை, உயரமும் பத்தடி என்றால் 28 கன மீட்டர். ஆக, நீங்கள் படுத்துத் தூங்கும் அறையில் அரை லிட்டருக்கும் மேல் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் மிதந்துகொண்டிருக்கிறது. ஒரு வாட்டர் பாட்டில்!

இந்தக் காற்றை நசுக்கினால் என்ன ஆகும்? காற்று நசுங்கும், ஆவி நசுங்காது. ஓர் இடத்தில் எவ்வளவு ஆவி தங்கலாம் என்பதை இடத்தின் அளவும் வெப்பமும்தான் தீர்மானிக்கின்றன. அழுத்தத்துக்கு அங்கே பெரிய செல்வாக்கு கிடையாது. இருநூறு இலை போட்ட கல்யாணப் பந்தியை ஒரே இலையாகச் சுருக்கினால் ஒருத்தர்தான் உட்கார முடியும். மிச்சப் பேர் எழுந்து போக வேண்டியதுதான். ஆவிக்கு வெளியே போக வழியில்லை. அதனால் தண்ணீராக மாறித் தரையில் உட்கார்ந்துவிடும். பஞ்சர் கடை டாங்கியில் அழுத்தம் பத்து மடங்குதான். அதற்கே ஒரு டம்ளர். இருநூறு மடங்கு என்றால்?

இந்த இருநூறு மடங்கு எனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். என் அக்கா மகளிடமிருந்து வந்தது.

அவள் ஏர் ரைஃபிள் சுடுகிறாள். ஊரில் பலபேர் இதைக் கேட்டதும், "குருவி சுடுததா?" என்றுதான் கேட்டார்கள். குருவி இல்லை, குறி. பத்து மீட்டர் தூரத்தில் ஒரு காகிதம். நடுவில் இருக்கும் பத்து மதிப்பெண் புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். பால்பாயின்ட் பேனாவால் ஒரு குத்து வைத்தால் எவ்வளவோ, அவ்வளவு. அதை ஒன்றேகால் மணி நேரத்தில் 60 தடவை சுட வேண்டும். 2008 ஆகஸ்ட் 11-ம் தேதி பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கினாரே, இந்தியாவுக்கு ஒலிம்பிக்கில் முதல் தனிநபர் தங்கம், அது இதே போட்டிதான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோ, பாரீஸ் இரண்டு ஒலிம்பிக்கிலும் சுட்டதும் இதேதான். அந்தப் படத்தைப் பேப்பரில் பார்த்துத்தான் எங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் ஆசை வந்தது.

குற்றாலம் சீசனில் பலூன் சுடுகிற கடைகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் துப்பாக்கி வேறு ஜாதி. மடக்கி நிமிர்த்தினால் உள்ளே ஸ்பிரிங் இறுகும். விசையைத் தட்டினால் ஸ்பிரிங் விரிந்து, அந்த நொடியில் இருக்கும் காற்றை அமுக்கி ரவையைத் தள்ளும். காற்றைச் சேமித்து வைப்பதில்லை. அதனால் உள்ளே தண்ணீர் தேங்கவும் வழியில்லை. குழாய் துருப்பிடிப்பதோடு சரி. போட்டித் துப்பாக்கியில் பீப்பாய்க்குக் கீழே ஒரு சின்ன சிலிண்டர் இருக்கும். அதில் 200 பார் அழுத்தத்தில் காற்றை முன்கூட்டியே அடைத்து வைக்க வேண்டும். உங்கள் கார் டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம். வித்தியாசம் புரிகிறதா?

மச்சான் ஒரு கறவை மாட்டை விற்றார். அக்கா பீடி சுற்றிச் சேர்த்த சீட்டுப் பணத்தை எடுத்தாள். கைமாறி வந்த ஒரு பழைய துப்பாக்கியும், காலால் மிதித்துப் பிடித்துக் கையால் அடிக்கிற ஒரு பம்பும் வந்து சேர்ந்தன. சைக்கிள் பம்பு மாதிரிதான் இருக்கும். ஆனால், உள்ளே மூன்று அடுக்காகக் காற்றை நசுக்கும். சிலிண்டர் பாதி காலியாகும்போதெல்லாம் நூறு தடவைக்கு மேல் அடிக்க வேண்டும். புறவாசலில் பத்து மீட்டர் அளந்து, மண் நிரப்பிய பெட்டியைச் சுவரோரம் வைத்து அவள் பழகினாள்.

இரண்டு சாரல் நன்றாகப் போயிற்று. போன ஆடியில் ஆரம்பித்தது வினை.

"மாமா, ரவை கீழ விழுது. நான் எதையும் மாத்தலையே" என்றாள்.

ஒன்று நடுவில் படும். அடுத்தது ஒரு மில்லிமீட்டர் கீழே. அதற்கடுத்தது மேலே. சொல்லிக்கொடுப்பவர், மூச்சை விடுவதில் தப்பு என்றார். அக்கா, "கண்ணு பட்டுட்டு" என்று உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். பிள்ளை ராத்திரி சாப்பிடாமல் படுத்தாள். ஒரு மாதம் கழித்து இருந்த தேர்வுச் சுற்றில் மிகக் கொஞ்ச மதிப்பெண்ணில் வாய்ப்பு போயிற்று. அப்புறம்தான் வெளியூரில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். பெரியவர், பொறுமைசாலி. துப்பாக்கியைப் பிரித்து, ரெகுலேட்டர் என்கிற சின்னப் பித்தளைச் சாமானை ஒரு வெள்ளைத் துணியில் தட்டினார். செம்மண் கரைசல் மாதிரி இரண்டு சொட்டு விழுந்தது.

"பிள்ளை மூச்செல்லாம் சரியாத்தான் விட்டிருக்கா. இந்தத் துப்பாக்கிக்குத்தான் சளி பிடிச்சிருக்கு" என்றார்.

கணக்கு போட்டுப் பாருங்கள். சிலிண்டரின் கொள்ளளவு 200 மில்லி. 200 பாருக்கு நிரப்ப ஏறக்குறைய 40 லிட்டர் வெளிக்காற்று தேவை. அதிலிருக்கும் நீராவி 0.8 கிராம், அதாவது சுமார் 16 சொட்டு. நசுங்கியபின் அந்த 200 மில்லி இடத்தில் ஆவியாகத் தங்கக்கூடியது ஒரு சொட்டில் பத்தில் ஒரு பங்கு. மிச்சம் அத்தனையும் தண்ணீர்! பம்பிலேயே கொஞ்சம் தங்கி வெளியேறிவிடும் என்றாலும், ஒவ்வொரு தடவையும் இரண்டு சொட்டு உள்ளே போனால்கூட இரண்டு வருஷத்தில் எத்தனை சொட்டு? உருக்குச் சிலிண்டர் என்றால் துரு. அலுமினியம் என்றால் வெள்ளையாகப் பொடி. அந்தப் பொடி ரெகுலேட்டரின் ஊசிமுனைத் துவாரத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு சூட்டுக்கும் போகும் காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்கும். ரவையின் வேகம் மாறும். அரை மில்லிமீட்டர் புள்ளிக்கு முன்னால் அந்த மாற்றம் ஒரு மலை.

இங்கேதான் நான் இந்தக் கட்டுரையை எழுத வேண்டிய காரணம் வருகிறது. விஷயம் தெரிந்ததும் வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பக்கத்து வீட்டுத் தம்பி, படித்த பையன், "ஈரமே இல்லாத காத்து வேணும், அவ்வளவுதானே? வெல்டிங் பட்டறையில ஆக்ஸிஜன் சிலிண்டர் இருக்கு. அதுல ஈரம் கிடையாது, பிரஷரும் ஏற்கெனவே இருக்கு. ஒரு டியூப் மாட்டினா அஞ்சு நிமிஷத்துல வேலை முடிஞ்சுது" என்றான். கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள்! அக்காவும் தலையாட்டினாள்.

நல்லவேளை, பட்டறை அண்ணாச்சி விஷயம் தெரிந்தவர். சிலிண்டர் பக்கமே எங்களை விடவில்லை.

"எண்ணெய்க் கையோட நான் இந்த வால்வைத் தொட மாட்டேன் தெரியுமா? உங்க துப்பாக்கிக்குள்ள எங்கயாவது ஒரு பொட்டு எண்ணெய் இருக்கும். ஆக்ஸிஜன் அதுல பட்டா தீக்குச்சியே வேண்டாம். பிள்ளை கன்னத்தை அதுமேல வச்சில்லா சுடுதா! போங்க அங்கிட்டு" என்று விரட்டினார்.

அவர் கையெடுத்துக் கும்பிட வேண்டிய மனிதர். வயலில் டீசல் எஞ்சின் ஓட்டியவர்களுக்கு இது எளிதில் புரியும். டீசல் எஞ்சினில் பிளக் கிடையாது. காற்றை வேகமாக நசுக்கினால் அது சூடாகும். அந்தச் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும். சாதாரணக் காற்றிலேயே இந்தக் கதை என்றால், முழு ஆக்ஸிஜனில் எண்ணெய், கிரீஸ், ரப்பர் வளையம் எல்லாமே எரிபொருள்தான். அது கன்னத்துக்குப் பக்கத்தில் வெடிக்கிற குண்டு. ஆகவே, ஏர்கன்னில் ஆக்ஸிஜன் ஒருபோதும் கூடாது. அதே காரணத்துக்காக, பம்பு இறுகுகிறது என்று தேங்காயெண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ விடவும் கூடாது. சைக்கிள் பம்பின் தோல் வாஷருக்கு எண்ணெய் விட்டுப் பழகிய கை நம்முடையது. இங்கே அந்தக் கை சும்மா இருக்க வேண்டும். தயாரிப்பாளர் சொல்கிற சிலிகோன் கிரீஸ் மட்டும்தான், அதுவும் சொன்ன இடத்தில், சொன்ன அளவு.

தோல் வாஷர் என்றதும் ஒரு சரித்திரம். ஜிராண்டோனி என்பவர் வடிவமைத்த காற்றுத் துப்பாக்கியை 1780 வாக்கில் ஆஸ்திரிய ராணுவம் பயன்படுத்தத் தொடங்கியது. அதன் இரும்புக் குடுவையை நிரப்ப ஏறக்குறைய 1,500 தடவை பம்பு அடிக்க வேண்டுமாம். வேடிக்கை என்னவென்றால், காற்று கசியாமலிருக்க அதன் தோல் வளையங்களை எப்போதும் ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். அன்றைக்கு ஈரம்தான் துப்பாக்கியைக் காப்பாற்றியது. இன்றைக்கு அதே ஈரம் கெடுக்கிறது.

சரி, ஈரத்தை எப்படி நிறுத்துவது? மெக்கானிக் பெரியவர் சொன்னதையும், நான் தேடிப் படித்ததையும் சேர்த்துத் தருகிறேன்.

முதலாவது, அவசரப்படாதீர்கள். சூடான சாதத்தை மூடி வைத்தால் மூடி வியர்க்கும் என்று பாட்டி சொல்வாளே, அதே சங்கதி. வேகமாகப் பம்பு அடித்தால் காற்று சூடாகும். சூடான காற்று ஈரத்தை ஆவியாகவே சிலிண்டருக்குள் கடத்திவிடும். உள்ளே போய் ஆறியபிறகு அங்கேதான் வியர்க்கும். நாற்பது ஐம்பது அடி அடியுங்கள். நிறுத்துங்கள். பம்பின் அடியில் இருக்கும் திருகைத் திறந்து சேர்ந்த தண்ணீரைத் துப்ப விடுங்கள். கைக்குச் சூடு தெரியாத அளவுக்கு ஆறட்டும். பிறகு அடியுங்கள். ஈரம் சிலிண்டருக்குள் போய் ஆறாமல் பம்பிலேயே ஆறட்டும் என்பதுதான் தத்துவம்.

இரண்டாவது, வடிகட்டி. இதில் வரிசை முக்கியம். துணி துவைத்தால் முதலில் பிழிகிறோம், அப்புறம் காயப்போடுகிறோம். சொட்டச் சொட்டக் கொடியில் போடுவதில்லை. அதே மாதிரி, முதலில் தண்ணீரைச் சொட்டாகப் பிரித்து வெளியேற்றும் ஒரு குடுவை. அதற்குப் பிறகு, மிச்சமிருக்கும் ஆவியை உறிஞ்ச சிலிக்கா ஜெல்லோ மாலிகுலர் சீவ் மணிகளோ நிரப்பிய குடுவை. ஷூ வாங்கினால் பெட்டிக்குள் ஒரு சின்னப் பொட்டலம் இருக்குமே, அதுதான் சிலிக்கா ஜெல். அம்மாவின் உப்பு ஜாடியில் கிடந்த அரிசிக்கு இது படித்த தம்பி. ஈரம் ஏறினால் ஆரஞ்சு நிறம் பச்சையாக மாறிக் காட்டிக்கொடுக்கும். மிதமான சூட்டில் வறுத்து எடுத்தால் மறுபடியும் வேலைக்கு வரும். இந்தக் குடுவை உயர் அழுத்தத்தைத் தாங்குகிற, முறையாகச் செய்ததாக இருக்க வேண்டும். பிளம்பிங் குழாயில் நாமே ஒன்று செய்து பார்க்கிற விபரீதம் வேண்டவே வேண்டாம்.

மூன்றாவது, ஒரு தப்பான நம்பிக்கை. "நல்லா வெயில் அடிக்கும்போது பார்த்து அடி, ஈரம் இருக்காது" என்பார்கள். மத்தியானம் ஈரப்பதத்தின் சதவீதம் குறைவது உண்மைதான். ஆனால், காற்று சூடாகி அதன் கொள்ளளவு கூடியதால் வந்த குறைவு அது. மிதக்கும் தண்ணீரின் அளவு ஏறக்குறைய அதேதான். ஏ.சி. ஓடுகிற அறையில் அடித்தால் நிஜமாகவே பாதி குறையும். ஏனென்றால், ஏ.சி. அந்தத் தண்ணீரைப் பிழிந்து பின்பக்கக் குழாய் வழியாக வெளியே சொட்டவிட்டுவிடுகிறது.

நாலாவது, முடிந்தால் காற்றை ஸ்கூபா நீச்சல்காரர்களுக்கு நிரப்புகிற மாதிரியான இடத்தில் வாங்குங்கள். மூச்சுக்காற்றுக்கான ஐரோப்பியத் தரவிதிப்படி, 200 பார் வரை ஒரு கன மீட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் ஈரம் இருக்கக் கூடாது. நம் சாரல் காற்றில் இருப்பது இருபதாயிரம் மில்லிகிராம். நானூறில் ஒரு பங்காகக் குறைத்துத்தான் அவர்கள் தருகிறார்கள்.

இதெல்லாம் துப்பாக்கிக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். டீக்கடையில் நிற்கும்போது பக்கத்தில் நிற்கிற பஸ் திடீரென்று 'ப்ஸ்ஸ்' என்று தும்முமே, கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் அது, பிரேக் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குடுவை தன் தண்ணீரை வெளியே துப்புகிற சத்தம். அந்தக் குடுவை இல்லாத பழைய லாரிகளில், டிரைவர் காலையில் டாங்கியின் அடியிலிருக்கும் வளையத்தை இழுத்து விட்டுவிட்டுத்தான் புளியரை மலைப்பாதையில் ஏறுவார். செங்கோட்டை - புனலூர் மலைப்பாதையில் 1904-ல் ரயில் ஓட ஆரம்பித்தது, 2018-ல் அகலப்பாதையானது. இன்றைக்கு அந்தச் சரிவில் இறங்குகிற ரயிலைப் பிடித்து நிறுத்துவதும் நசுக்கிய காற்றுதான். எஞ்சினில் ஈர உறிஞ்சிக் குடுவை இரண்டாக இருக்கும். ஒன்று வேலை செய்யும்போது மற்றது தன்னைக் காயவைத்துக்கொள்ளும். முறை மாற்றி மாற்றி. அந்தத் தடவை சன்னலோரம் உட்கார்ந்து சாரலை ரசிக்கும்போது, அதே சாரலைப் பிரேக்குக்குள் விடாமல் காவல் காக்கிற அந்த இரண்டு குடுவைகளையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, வீட்டில் ஏர்கன் வைத்திருப்பவர்களுக்கு மூன்று வார்த்தை.

ஒன்று, சட்டம். 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி 20 ஜூல் ஆற்றலுக்கு மேலோ, 4.5 மில்லிமீட்டர் துளைக்கு மேலோ போனால் லைசென்ஸ் வேண்டும்.

இரண்டு, பறவை. லைசென்ஸ் தேவையில்லாத துப்பாக்கி என்பதற்காகக் குளத்துக்கு வரும் நாரையையும் கொக்கையும் சுடலாம் என்று அர்த்தமில்லை. 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், அவை நம் குளத்தை நம்பி வந்த விருந்தாளிகள்.

மூன்று, சிலிண்டர். அதன்மேல் ஒரு தேதி பொறித்திருக்கும். போட்டி சிலிண்டருக்கு ஆயுள் அதிகபட்சம் 10 வருஷம். சர்வதேச விதிப்படி அதைக் கவனிப்பது சுடுகிறவரின் பொறுப்பு. வெளியே பளபளவென்று இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். துரு உள்ளேயிருந்து வருவது. எங்கள் பிள்ளையின் பழைய சிலிண்டரில் தேதி முடிய எட்டு மாதம் இருந்தது. உட்புறத்தைப் பார்த்த பெரியவர், அதை மறுபடி யாரும் நிரப்பக் கூடாது என்று வால்வைக் கழற்றி, கழுத்தை அறுத்துத்தான் திருப்பித் தந்தார். புதுச் சிலிண்டருக்கு அக்கா மறுபடியும் சீட்டு போட்டிருக்கிறாள்.

உங்கள் வீட்டுப் பிள்ளையும் சுடுகிறதா? இன்றைக்குச் சாயங்காலமே அந்தத் தேதியைப் படித்துப் பாருங்கள். எழுத்து பொடியாக இருக்கும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வெளிச்சத்தில் வைத்துப் படியுங்கள்.